பதினோரு பூச்சும் ஒரு புகையும்

போன மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரலாம் என்று சாய்ந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. கோலாலம்பூரில் நான் இருபத்து நான்கு வருடம் வேலை பார்த்த ஓவியக் கூடத்திலிருந்து கவிதா பேசினாள். நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்பு சேர்ந்த பெண். பழைய படங்களைச் சுத்தம் செய்து பழுது பார்க்கும் பிரிவுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு.

"அங்கிள், சிவபாதம் சாரோட பெரிய இருட்டுப் படம் இருக்குல்ல, அத திங்கட்கிழமை கிளீன் பண்ணப் போறேன். புது மெஷின்ல வெச்சி பாத்தேன், மேல பூரா கரி. கீழ இடது மூலையில மட்டும் யாரோ கண்டபடி தொடச்சி வெச்சிருக்காங்க. யாருன்னு தெரியுமா?"

தெரியும் என்றேன். அந்த யாரோ நான்தான்.

அவள் சிரிக்கவில்லை, நல்ல பெண். படத்தின் அட்டையில் மலாயில் "ஜாங்ஙான் சுச்சி", கழுவாதே, என்று மட்டும் எழுதியிருக்கிறதாம். காரணம் எதுவும் இல்லையாம். காரணம் இல்லாத உத்தரவுக்காக ஒரு நல்ல படத்தைக் கரியோடு விட்டுவைப்பதா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. காரணம் தெரிந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் போய்விட்டார்கள். மூன்றாவது ஆள், வெளியே சொல்வதில்லை என்று தலையாட்டியவன். நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அன்று மத்தியானத் தூக்கம் போயிற்று.

என் அப்பா ரயில்வே தச்சர். பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில்தான் நாங்கள் எல்லோரும் பிறந்தோம். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஓவியக் கூடத்தில் சேர்ந்தபோது என் வேலை ஹாலில் நின்றுகொண்டு "தொடாதீங்க" என்று மூன்று மொழியில் சொல்வது. ஒரு நாள் சட்டம் கழன்ற படத்தை அப்பாவிடம் கற்ற கைப்பழக்கத்தில் சரி செய்தேன். அதோடு என்னைக் கீழ்த்தளத்துப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

நவீன ஓவியம் என்றால் எனக்கு அப்போது ஒன்றும் புரியாது. பின்பக்கம் அம்புக்குறி இருந்தால் பிழைத்தோம், இல்லாவிட்டால் எது தலை எது கால் என்று தெரியாது. ஒரு படத்தை இரண்டு வாரம் தலைகீழாக மாட்டி வைத்திருந்தோம். வரைந்தவரே திறப்பு விழாவுக்கு வந்து, மாட்டியிருக்கும் விதம் பிரமாதம் என்று என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

எனக்குத் தொழில் சொன்னவர் புவான் ஜைனப். புவான் என்றால் மலாயில் அம்மா என்ற மரியாதை. வெளிநாட்டில் படித்து வந்த மலாய்ப் பெண்மணி. ஒல்லியான உருவம், கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. பட்டறைக்குள் காப்பி கூடாது என்று அவர் போட்ட சட்டத்துக்கு அவரே கட்டுப்பட்டு, வாசலுக்கு வெளியே நின்றுதான் குடிப்பார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்புச் செய்தவன் எதிரே வந்து நின்றால், "லெபாஸ் து?" என்று கேட்பார். அப்புறம், என்று அர்த்தம். அவன் கொஞ்சம் சொல்வான். மறுபடியும் "லெபாஸ் து?" என்பார். ஆறேழு "லெபாஸ் து"வுக்குள் அவன் மறைக்க நினைத்ததும் வெளியே வந்துவிடும். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று இருக்கும்.

அவருடைய முறை இது. மூங்கில் குச்சியில் பஞ்சை உருட்ட வேண்டும். படத்தின் ஓரத்தில், நெருப்புக்குச்சித் தலை அளவுக்கு ஓர் இடம் பிடித்து, முதலில் எச்சிலால் துடைக்க வேண்டும். வேடிக்கை இல்லை, உலகம் முழுவதும் அப்படித்தான் செய்கிறார்கள். எச்சில் மேலே படிந்த அழுக்கை எடுக்கும், அடியில் இருக்கும் வண்ணத்தைத் தொந்தரவு செய்யாது. அது போதாவிட்டால்தான் மருந்து. ஒரு பஞ்சை ஒரு தடவைதான் தேய்க்கலாம். தேய்த்த பஞ்சைத் தூக்கி எறியக் கூடாது, வெள்ளைத் தாளில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு வரிசையாக வைக்க வேண்டும். "துடைத்தவன் பொய் சொன்னாலும் பஞ்சு சொல்லாது" என்பார். எச்சில் விஷயத்தில் எனக்கு முதலில் குமட்டியது. எச்சில் பட்ட டம்ளரையே தனியாக வைக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். பழகிக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் கூடம் ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தது. முந்நூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த டச்சு ஓவியர் ஒருவரிடமிருந்து நம் நாட்டு நவீன ஓவியர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள் என்பது விஷயம். பட்டறையில் எங்கள் வாய்க்கு அவர் பெயர் நுழையவில்லை, "டச்சுக்காரர்" என்றே சொல்லி வந்தோம். இருட்டுக்குள்ளிருந்து முகங்கள் வெளிச்சத்துக்கு வருகிற மாதிரி வரைந்தவர். வந்து சேர்ந்த படங்களைப் பிரித்து அடுக்கியபோதுதான் எனக்கே சுவாரசியம் பிடித்தது. ஒருவர் அவரிடமிருந்து வண்ணத்தைக் கரண்டியால் அப்புகிற தடிமனை எடுத்திருந்தார். இன்னொருவர் வருடத்துக்கு ஒரு முறை தன் கிழட்டு முகத்தையே வரைகிற பிடிவாதத்தை எடுத்திருந்தார். சிவபாதம் சார் இருட்டை எடுத்துக்கொண்டார். ஆள், முகம், பொருள் எதுவுமில்லாமல் இருட்டை மட்டும்.

சார் யாழ்ப்பாணத்துக்காரர்கள் வழி வந்தவர். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். ஐரோப்பா பக்கமே போனதில்லை. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரி விட்டுப்போன ஒரு புத்தகத்தில்தான் டச்சுக்காரரைப் பார்த்தார். அதை வைத்துக்கொண்டு இருபது வருடம் வரைந்தார். அவருடைய மிகப் பெரிய படம் "விளக்கு வைக்கிற நேரம்". அதை வாங்கிவர நானே லோரியில் பிரிக்பீல்ட்ஸ் போனேன். மனைவி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது, தனியாக இருந்தார். படம் சாமியறை வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்தது. அந்த அளவுக்கு வீட்டில் அந்த ஒரு சுவர்தான் இருந்தது.

இறக்கினோம். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது. சுற்றிலும் சுவர் பழுப்பேறிக் கிடந்தது. எனக்குச் சொல்லித் தர வேண்டுமா? எங்கள் வீட்டுச் சாமியறைக் கூரையை ஒவ்வொரு பொங்கலுக்கும் தேய்த்தவன் நான். நல்லெண்ணெய் விளக்கு, கற்பூரம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி. அந்தக் கரி எப்படி ஒட்டும் என்று எனக்கு மனப்பாடம்.

"இதுதான் தம்பி நான் உருப்படியாச் செய்த ஒண்டு. புத்தகத்தில இருக்கிற இருட்டு இதிலதான் வந்தது. கவனமாக் கொண்டுபோம்" என்றார் சார்.

சரி என்றேன். தலையை வேறு ஆட்டினேன்.

கண்காட்சிக்கு மூன்று வாரம் இருந்தது. புவான் இரண்டு நாள் பினாங்கு போயிருந்தார். அவர் வருவதற்குள் ஒரு மூலையைச் சுத்தம் செய்து காட்டி "பாகுஸ்", அருமை, என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். முறைப்படி பஞ்சை உருட்டினேன், வாயருகே கொண்டுபோனேன். படத்தின் சட்டத்தில் திருநீறு ஒட்டியிருந்தது. துணியிலிருந்து சாம்பிராணி வாசம் வந்தது. சாமியறைப் பக்கத்தில் பல வருடம் இருந்த பொருள் மேல் எச்சிலை எப்படி வைப்பது? கை வரவில்லை. கரி என்றுதான் தெரியுமே என்று எச்சிலை விட்டுவிட்டு நேராக மருந்துக்குப் போனேன். டர்பெண்டைனில் கொஞ்சம் அசிட்டோன்.

பஞ்சு கன்னங்கரேல் என்று வந்தது. எனக்கு உற்சாகம். ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கிக்கொண்டே போனேன். பத்தாவது பஞ்சிலிருந்து கறுப்பு குறைந்து, தேன் நிறத்தில் ஒரு பழுப்பு வந்தது. கறுப்பு போய்ப் பழுப்பு வந்த இடத்தில் நான் கையை எடுத்திருக்க வேண்டும். பழைய கரி, அடியில் பழுப்பாகத்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இருபத்தாறாவது பஞ்சில், உள்ளங்கை அகலத்துக்கு, அடியில் இருந்த மஞ்சள் பளீரென்று கிளம்பியது. இருட்டுப் படத்தின் மூலையில் பரங்கிப் பூ பூத்த மாதிரி. ஒரு நிமிடம் அழகாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான், கரியோடு சாரின் பூச்சையும் எடுத்துவிட்டேன் என்று புரிந்தது.

மறுநாள் புவான் வந்தார். படத்தைப் பார்த்தார், பிறகு பஞ்சு வரிசையைப் பார்த்தார். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் பென்சிலை வைத்துவிட்டு, "லெபாஸ் து?" என்றார். சொன்னேன். எச்சில் வைக்காத காரணத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கடிதம் எழுதலாமா என்று கேட்டேன். கூடாது, செய்த வாய்தான் சொல்ல வேண்டும், அவரை நாளைக்கே வரச் சொல்கிறேன் என்றார். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் "உருப்படியாச் செய்த ஒண்டு" என்று அவர் சொன்னதுதான் திரும்பத் திரும்பக் காதில் வந்து நின்றது.

சார் டாக்சியில் வந்தார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் அந்தப் புத்தகம். டச்சுக்காரரின் இருட்டைப் புவானுக்குக் காட்டலாம் என்று எடுத்து வந்திருந்தார். படத்தின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். புத்தகத்தை மேஜையில் வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"நான்தான் சார் செஞ்சேன். வெளக்குப் புகைன்னு நெனச்சிட்டேன். கேட்டிருக்கணும், கேக்கல" என்றேன்.

என்னத்தால் துடைத்தீர் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது. அந்தப் படத்துக்குப் பதினோரு பூச்சு, கண்ணாடி மாதிரி மெல்லிசாக, ஒன்று காய்ந்து மூன்று வாரம் கழித்து அடுத்தது என்று பூசியவர். வெளிநாட்டு வார்னிஷ் கிடைக்காமல், கிள்ளானில் படகு ஓட்டை அடைக்கிறவர்களிடம் டாமார் என்கிற மரப் பிசினை வாங்கி, எண்ணெயில் காய்ச்சிக் கலந்தவர். டாமாரை அசிட்டோன் கரைத்துவிடும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. "அப்ப பதினொண்டும் போச்சு" என்றார், அவ்வளவுதான்.

புவான் பஞ்சுத் தாளை அவர் முன்னால் நகர்த்தினார். சார் வரைபடத்தைப் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்தார். பத்திலிருந்து இருபத்தாறு வரை விரலை ஓட்டி, இது என்னுடையது என்றார். ஒன்றிலிருந்து ஒன்பதைக் காட்டி, இந்தக் கறுப்பு என்னுடையது இல்லையே, இது என்ன என்று கேட்டார்.

அதுதான் சார் புகை என்றேன். வீட்டு விளக்கும் சாம்பிராணியும்.

அவர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். வரைந்து முடித்தபோது படம் புத்தகத்தில் இருக்கிற மாதிரி இல்லையாம். இருட்டு போதாதாம். வருடம் போகப் போகத் தானாகவே கூடிக்கொண்டு வந்ததாம். எண்ணெய் பழுக்கிறது, பார் பார் என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொள்வாராம். அந்த அம்மா பாட்டுக்கு விளக்கேற்றிவிட்டுப் போவாராம்.

அப்போது புவான் மெதுவாக ஒன்று சொன்னார். அந்த டச்சுக்காரரின் படங்களிலும் பாதி இருட்டு அவர் பூசியது இல்லை. பின்னால் வந்தவர்கள் அடித்த வார்னிஷும் அடுப்புப் புகையும் சேர்ந்தது. கழுவிப் பார்த்தபோது, இரவு என்று உலகமே நம்பிய ஒரு படம் பகலாக வெளியே வந்தது. சாரிடம் இருக்கும் புத்தகம் அதற்கு முந்தியது.

நான் இதைத் தமிழில் சொல்லச் சொல்ல சார் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு மூடினார்.

"அப்ப நான் இருபது வருசமா ஆரோ ஒருத்தன்ர அழுக்கையே பாத்துப் படிச்சனான்?"

இருட்டு ஒன்றைத்தான் அழுக்கு கொடுத்தது, அதற்குள்ளிருந்து வெளிச்சம் வருகிற வழியை டச்சுக்காரர்தான் கொடுத்தார், அதைத்தான் நீங்களும் எடுத்தீர்கள் என்றார் புவான். சார் கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. அந்த ஒன்பது கறுப்புப் பஞ்சில் ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அசிட்டோன் நாற்றம்தான் வந்திருக்கும். "மணம் இல்லை" என்று சொல்லி, எடுத்த எண்ணிலேயே சரியாகத் திரும்ப வைத்தார்.

அடுத்து என்ன செய்யலாம் என்று புவான் விளக்கினார். எச்சிலால் மட்டும் முழுப்படத்தையும் துடைத்தால் புகை போகும், சாரின் பதினோரு பூச்சும் அவர் பூசியபடியே தெரியும். மூலையைத் தண்ணீர் வண்ணத்தால் பார்வைக்குப் பொருந்தச் செய்துவிடலாம். எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும்.

எச்சில் என்றதும் சார் என்னைப் பார்த்தார். ஏன் முதலிலேயே அதைச் செய்யவில்லை என்று கேட்டார். சாமியறைப் பொருள் என்று மனது வரவில்லை சார் என்றேன். அப்போதுதான் அவர் சிரித்தார். சத்தமாக, தோள் குலுங்க. கண்ணும் கலங்கியிருந்தது.

"என்ர மனுசி இருந்திருந்தா உம்மை மன்னிச்சிருப்பா, தம்பி."

பிறகு எழுந்து படத்துக்குக் கிட்டே போனார். புகையை எடுக்க வேண்டாம் என்றார். பதினோரு பூச்சு நான், பன்னிரண்டாவது அவள், அதை எடுக்க எனக்கு உரிமை இல்லை என்றார். மூலை, என்று நான் இழுத்தேன்.

"அதையும் விடும். இருட்டாக் கிடக்கு, ஒரு துளி வெளிச்சம் வையுங்கோ எண்டு சாகுமட்டும் கேட்டவ. நான் வைக்கேல்லை. இப்ப நீர் வச்சிட்டீர்."

இதையெல்லாம் எழுதிவைக்கப் புவான் படத்தின் அட்டையை எடுத்தார். சார் கையை நீட்டித் தடுத்தார். வீட்டு விஷயம், ஃபைலில் எழுத வேண்டாம் என்றார். முப்பது வருடம் ஃபைலோடு வாழ்ந்தவர், அதற்குள் போனது ஊருக்குப் போனது மாதிரி என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் புவான் இரண்டே வார்த்தை எழுதினார். நானும் தலையாட்டினேன். அவர் போனபிறகு சட்டங்கள் அடுக்கியிருந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கண்காட்சியில் அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம். நீண்ட முடி வைத்த ஓர் இளம் ஓவியர், நவீன ஓவியம் டச்சுக்காரரிடமிருந்து தப்பித்து வெளியேறும் கதவு அந்த மஞ்சள் மூலைதான் என்று பத்துப் பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சிவபாதம் சார் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்று பவ்வியமாகக் கேட்டார். என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அடுத்த சில வருடங்களில் எங்கள் பட்டறைக்கு வந்த இளைஞர் படங்களில் மூன்றிலாவது இடது மூலையில் ஒரு மஞ்சள் இருந்தது. ஒருவருடைய அழுக்கு ஒருவருக்குப் பாடம், ஒருவன் தப்பு இன்னொருவருக்குப் பாணி. இந்தத் தொழிலில் நான் கண்ட தத்துவம் இதற்கு மேல் இல்லை.

கண்காட்சி முடிந்ததும் சார் படத்தைக் கூடத்துக்கே கொடுத்துவிட்டார். சில வருடத்தில் காலமானார். புவானும் போன வருடம் போய்விட்டார்.

கவிதாவுக்கு மறுநாள் காலையிலேயே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சார் என்னை மன்னிக்கட்டும். எழுதாமல் காப்பாற்றினோம், இப்போது எழுதினால்தான் காப்பாற்ற முடியும். சொல்லி முடித்ததும் கவிதா கேட்டாள்:

"அப்ப அவங்களும் சேந்து செஞ்ச படம்தானே அங்கிள். அந்த ஆன்டி பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டுக்குள் போயிருக்கிறேன், அவர் ஏற்றிய விளக்கின் கரியை இந்தக் கையால் துடைத்திருக்கிறேன். பெயரை மட்டும் நான் கேட்கவில்லை, புவானும் கேட்கவில்லை. சார் கடைசி வரை "மனுசி" என்றே சொன்னார்.

சனிக்கிழமை, நான் இப்போது குடியிருக்கும் கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் போனேன். வீடு இருந்த வரிசையே இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். கோயில் பக்கம் பூ விற்கும் அக்கா ஒருவர் அந்த வரிசையில் குடியிருந்தவர் என்றார்கள். படம் வரைகிற சிவபாதம் சார் வீட்டம்மா என்று ஆரம்பித்தேன். அவர் பூக் கட்டுவதை நிறுத்தவில்லை.

"யாரு, ராசம்மா அக்காவா? வெள்ளிக்கெழம அவங்க சாம்பிராணி போட்டா எங்க வீட்டுத் துணியெல்லாம் மணக்கும்."

அங்கேயே பொதுத் தொலைபேசியில் கவிதாவைப் பிடித்தேன். அவள் எழுதிக்கொண்டே வாசித்தாள். துணியில் எண்ணெய், டாமார் பிசின், விளக்குப் புகை. செய்தவர்கள் சிவபாதம், இராசம்மா. படத்தைக் கழுவப்போவதில்லை, திங்கட்கிழமைக்கு உருட்டி வைத்த பஞ்சை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறேன் என்றாள். பிறகு, அந்த இடது மூலைக்கு என்ன எழுதட்டும், உங்கள் பெயரையா என்று கேட்டாள்.

வேண்டாம், இராசம்மா கேட்ட வெளிச்சம் என்று எழுது என்றேன்.